எண்பத்தைந்து டிகிரியில் ஐந்து நாள்

திங்கள் காலை, துவாஸ், மூன்றாம் மாடி.
ஒரு சாலையைத் தட்டில் பரப்பி
அடுப்புக்குள் தள்ளினேன்.

சாலை என்றால் பதினாறு கிலோ.
உடைகல், கல்தூள், தார்.
நூற்று முப்பத்தைந்து டிகிரி, நான்கு மணி நேரம்,
மணிக்கொருமுறை கிளற வேண்டும்.
உப்புமா மாதிரி என்று
என்றைக்கோ சொல்லித் தொலைத்தேன்.
அன்றிலிருந்து ஷஃபிகுல்
அடுப்புக் கதவு திறக்கும்போதெல்லாம்
"சாப்பாடு ரெடியா அக்கா?" என்கிறான்,
தமிழில்.

அந்த நான்கு மணி நேரம்
ஆலையில் கலந்து, லாரியில் ஏறி,
நெரிசலில் நின்று, கொட்டப்படும் வரை
தார் படும் பாடு.
அதன் பிறகுதான் அது சாலை.
அழுத்தி நான்கு உருளைகள் செய்தேன்.
நூற்றுக்கு ஏழு பங்கு காற்று உள்ளே.
மூப்பு வருவது அந்த வழியாகத்தான்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு
எண்பத்தைந்தில் வைத்து மூடினேன்.
நூற்றிருபது மணி நேரம்.
வெளியே அது ஏழெட்டு வருடம் என்கிறது விதிநூல்.
நான் மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள்
உள்ளே ஒரு தீபாவளி போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை
இரண்டு ரயில், ஒரு பேருந்து,
ஒரு பொத்தானை அணைக்க.
கதவைத் திறந்து வைத்துவிட்டுப்
பதினாறு மணி நேரம் தொடக்கூடாது.
சூட்டில் தூக்கினால் உருக்குலைந்துவிடும்.
ஐந்து நாள் கிழமாக்கியதை
ஒரு விரல் கெடுத்துவிடும்.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
பிறகு கண்ணாடியைத் தேடிப்
படிவத்தை நிரப்பினேன்:
மாதிரி எண், எடை, உயரம்.
வயது என்ற கட்டத்தில்
இரண்டு விடைகள் இருந்தன.

இளையது நசுங்கும். முதியது பிளக்கும்.
பக்கவாட்டில் நிறுத்தி அழுத்தியபோது
நான்கும் பிளந்தன,
அப்பளம் மாதிரி இல்லை,
அதைவிடச் சோம்பலான சத்தத்தில்.
எண்கள் அழகாக வந்தன.

அன்று மாலைதான் வந்தன
ஜாலான் பூன் லேயில்
இரவு இரண்டு மணிக்குத் துளைத்தெடுத்த
இரண்டு நிஜங்கள்.
ஒரே தேதியில் போட்ட தார், எட்டு வயது.

முதலாவது, பேருந்து நிறுத்தத்து வெயிலில் கிடந்தது.
மேலே மஞ்சள் கோட்டின் ஒரு சில்லு.
அதன் கீழே விரற்கிடை அளவுக்கு
நரை திரை எல்லாம்.
அதற்கும் கீழே
நேற்றுப் போட்டதுபோல் மினுக்கும் கருப்பு.
என் உருளைகளோ
உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே கிழம்.

இரண்டாவது, நாற்பதடி தள்ளி,
தூங்குமூஞ்சி மரத்தடியில்.
அதை அழுத்தினோம்.
பிளக்க மறுத்தது. நசுங்கியது.
சியூ லிங் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இதில் எதை நீ செய்தாய்?"

அடுப்புக்கு நான்கு மணி மழை தெரியாது.
கொதிக்கும் தார்மேல் அது விழுந்து
ஆவியாய் எழுவது தெரியாது.
இருநூற்று நாற்பதாம் எண் பேருந்து
நின்று பெருமூச்சு விடும் இடத்திலேயே
தினமும் நிற்பது தெரியாது.
மரம் தெரியாது.
எண்பத்தைந்து மட்டும் நன்றாகத் தெரியும்.

அறிக்கையின் கடைசி வரியில் எழுதினேன்:
நிழல் கணக்கில் சேர்க்கப்படவில்லை.
சியூ லிங் அதை அடித்தாள்.
மறுநாள்
"மரநிழல் ஆய்வுக்கு உட்படவில்லை" என்று
அவளே திருத்தி எழுதியிருந்தாள்.

உடைந்த பாதி ஒன்றை ஷஃபிகுல்
ஆய்வகக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான்.
பிறந்து ஒன்பது நாள், வயது எட்டு.
காற்றில் கதவு மூடப் பார்க்கிறது,
அது விடுவதில்லை.
அடுத்த திங்களுக்கான கல்லை
நான் சலித்துக்கொண்டிருக்கிறேன்.